பக்கவாதத்துக்குப் பிறகு சத்து பவுடரும் மாத்திரையும்: கொடுத்த காசுக்குப் பலன் உண்டா?

வாசகர் ஒருவரின் கேள்வி:

என் மாமாவுக்கு வயது 64. ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாச்சு. சொந்தக்காரர் ஒருவர் புரோட்டீன் பவுடர், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், வைட்டமின் ஈ, மூளைக்கு என்று ஒரு மூலிகை மாத்திரை, எல்லாம் சேர்த்து மாதம் 6,000 ரூபாய்க்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். கொடுத்தால் சீக்கிரம் எழுந்து நடப்பாராம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், வாங்கலாமா?

மார்ச் 4, காலை

இப்போதைக்கு வாங்காதீர்கள். மாமா ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார்? விழுங்கும்போது இருமுகிறாரா? ஸ்ட்ரோக்குக்கு முன்னால் என்ன எடை, இப்போது என்ன எடை? இதெல்லாம் தெரியாமல் யார் பட்டியல் கொடுத்தாலும் அது குத்துமதிப்புதான்.

என் அப்பாவுக்கும் இடது பக்கம்தான். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு டப்பா வாங்கி வந்தார்கள். அன்பில் வாங்கியது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அலமாரியில் டப்பா ஏறிக்கொண்டே போனபோது அப்பாவின் தட்டில் பாதிச் சாப்பாடு மிஞ்சிக்கொண்டே இருந்தது. அதற்கான காரணம் எந்த டப்பாவிலும் இல்லை. நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 4, இரவு

"ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா, இல்லை உங்கள் அபிப்பிராயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆராய்ச்சி இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் டென்னிஸ் தலைமையில் நடந்த 'ஃபுட்' ஆய்வு 2005-ல் லான்செட் இதழில் வந்தது. 15 நாடுகள், 125 மருத்துவமனைகள், ஸ்ட்ரோக் வந்து, ஆனால் விழுங்க முடிகிற 4,023 பேர். ஒரு பாதிக்கு ஆஸ்பத்திரியின் வழக்கமான சாப்பாடு. இன்னொரு பாதிக்கு அதோடு தினமும் 360 மில்லி சத்து பானம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 540 கலோரி, 22 கிராம் புரதம். இன்று நம் மெடிக்கல் ஷாப்பில் விற்கும் 'பெரியவர்களுக்கான' பவுடர்களின் அதே யோசனைதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்கள் எண்ணிக்கையிலும் சரி, அடுத்தவர் துணையில்லாமல் இருக்க முடியாமல் போனவர்கள் எண்ணிக்கையிலும் சரி, சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இங்கிலாந்தில் டாக்டர்களுக்கு வழிகாட்டி எழுதும் 'நைஸ்' என்ற அரசு அமைப்பும் இதையே சொல்கிறது: நல்ல உடல்நிலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு ஸ்ட்ரோக் வந்தது என்பதற்காக மட்டும் சத்து பானம் கொடுக்கத் தேவையில்லை.

மார்ச் 5

அதே ஆய்வின் இன்னொரு பகுதியையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் அடிக்கடி வரும் சங்கடம் இது. மூக்கு வழியாக டியூப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னால், "ஐயோ, டியூப் எல்லாம் வேண்டாம், கொஞ்ச நாள் டிரிப்ஸ் ஏற்றுங்கள்" என்று குடும்பம் தயங்கும். விழுங்க முடியாத 859 பேரில், ஆரம்பத்திலேயே டியூப் போட்டவர்களில் இறப்பு நூற்றுக்கு 5.8 பேர் என்ற அளவில் குறைவாக இருந்தது. புள்ளியியல்படி அடித்துச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை, பிழைத்தவர்களில் சிலர் கடும் ஊனத்தோடு பிழைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் முதல் நாட்களில் வெறும் டிரிப்ஸை நம்பிப் பட்டினி போடுவதைவிட டியூப் மேல் என்றுதான் எனக்குப் படுகிறது. அதோடு, தொடக்கத்தில் மூக்குக் குழாய் போதும், அவசரமாக வயிற்றில் துளை போட வேண்டாம் என்பதும் அந்த ஆய்வின் மூன்றாம் பகுதியில் தெரிந்தது.

மார்ச் 6

மதுரையிலிருந்து ஒரு அக்கா கோபமாக எழுதியிருக்கிறார். "எங்கள் அம்மா எலும்பும் தோலுமாக இருந்தார், பவுடர் கொடுத்துத்தான் தேறினார், நீங்கள் வேண்டாம் என்கிறீர்களே?"

அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஃபுட் ஆய்வில் சேர்ந்தவர்களில் ஊட்டம் குறைந்தவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள் 8 சதவீதம்தான். ஆக அது பெரும்பாலும் நன்றாகச் சாப்பிட்டு வந்தவர்களைப் பற்றிய விடை. ஏற்கெனவே மெலிந்து போனவர்களுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில், எடை இழந்து வந்த 116 ஸ்ட்ரோக் நோயாளிகளிடம் சாதாரண சத்து பானத்தையும் கலோரியும் புரதமும் கூடிய பானத்தையும் ஒப்பிட்டார்கள். 2008-ல் நியூராலஜி இதழில் வந்தது. கூடுதல் சத்து கிடைத்தவர்கள் நடப்பதிலும் கை, கால் வேலைகளிலும் நன்றாக முன்னேறினார்கள். நினைவாற்றல், சிந்தனை பக்கம் மாற்றம் இல்லை. ஜப்பானில் தசை கரைந்துபோன 44 பேருக்குப் பயிற்சியோடு லியூசின் மிகுந்த அமினோ அமிலம் (புரதத்தின் அடிப்படைக் கூறு) கொடுத்தபோதும் தசையும் பலமும் கூடின. இரண்டுமே சின்ன ஆய்வுகள்தான், ஆனால் ஒரே திசையைக் காட்டுகின்றன.

சரி, யார் மெலிந்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிற்க முடியாதவரை எடை மெஷினில் ஏற்ற முடியாது. தையல் டேப் எடுங்கள். நல்ல கையில், தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுச் சுற்றளவு எடுங்கள். 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உடல் மெலிந்திருக்கிறது என்று பொருள். அல்லது மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பத்தில் ஒரு பங்கு எடை போயிருந்தால், அது கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய கேஸ். வேட்டியை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் அதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 6, இரவு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) கூடியவர்கள், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள், டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. சுகர் உள்ளவர்கள் டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். முன்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துப் பயனில்லை.

மார்ச் 9

அப்பாவின் தட்டைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்த புதிதில் அப்பா தினமும் ஒரே புகார் சொல்வார். "பொரியலே வைக்க மாட்டேங்கறீங்க." அம்மாவுக்கு அழுகையே வந்துவிடும், வைத்துக்கொண்டே இருக்கிறார் அல்லவா? சோற்றிலும் பாதியைத் தொட மாட்டார். பசியில்லை, மனசு சரியில்லை என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, பசி எடுக்க டானிக் தேடினோம். வீட்டுக்கு பிசியோ கொடுக்க வந்த பெண் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இருந்தார். தட்டைப் பார்த்தார். வலது பாதி துடைத்து வைத்த மாதிரி காலி. இடது பாதி அப்படியே இருந்தது, பொரியலோடு. ஒன்றும் சொல்லாமல் தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தார். அப்பா "இப்பத்தான் வச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு மீதியைச் சாப்பிட்டார்.

உடம்பின் இடது பக்கத்தை இயக்குவது மூளையின் வலது பக்கம். அங்கே அடிபட்டால் சிலருக்கு இடது பக்கமே கவனத்துக்கு வராது. கண்ணில் கோளாறு இல்லை. மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பெண் தட்டின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு டேப் ஒட்டச் சொன்னார். "சிவப்பு தெரிகிற வரைக்கும் தலையைத் திருப்புங்க ஐயா, அப்புறம் சாப்பிடுங்க." மெல்ல மெல்லப் பழகினார். டானிக் வாங்கவே இல்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் மாமாவுக்கும் இடது பக்கம் என்பதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். இன்றைக்கே தட்டைப் பாருங்கள்.

விழுங்குவது இதைவிட முக்கியம். ஸ்ட்ரோக் வந்த உடனே ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதோ ஒரு சிரமம் இருக்கும். தொண்டைக்குள் போனது உணவுக்குழாய்க்குப் போகாமல் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. கட்டியான பொருளைவிடத் தண்ணீர்தான் ஆபத்து, அது வேகமாக ஓடிவிடும். எங்கள் வீட்டில் வில்லன் ரசம்தான். தண்ணீராகவும் இருக்கும், காரமாகவும் இருக்கும், நடுவில் பருக்கை வேறு. ஒரே வாயில் இரண்டு பதம் இருந்தால் பலவீனமான தொண்டைக்குத் தாங்காது. குடித்ததும் குரல் ஈரமாக, கொழகொழவென்று மாறினால் உடனே நிறுத்துங்கள். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போகும். அவர்களுக்குக் காரணமில்லாத காய்ச்சலும் நெஞ்சில் கரகரப்பும்தான் அறிகுறி. விழுங்கும் பயிற்சியை ஸ்பீச் தெரபிஸ்ட் பார்ப்பார். 'பேச்சு நன்றாகத்தானே இருக்கிறது' என்று அவரைத் தவிர்த்துவிடாதீர்கள்.

நேராக உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் முழுசாக இறங்கிய பிறகு அடுத்தது. முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். டார்ச் அடித்து, வலுவில்லாத பக்கத்துக் கன்னத்துக்குள் பாருங்கள். எங்கள் அப்பாவுக்கு அங்கே ஒரு உருண்டை இட்லி உட்கார்ந்திருக்கும், அவருக்கே தெரியாது.

வேகமாக ஓடாமல் இருக்க, கெட்டிப்படுத்தும் பவுடர் போட்டு காபி கொடுத்தபோது அப்பா சொன்னது: "இது காபி இல்லம்மா, களி." அதனால்தான் பலர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். உடம்பில் நீர் வற்றும், மலச்சிக்கல் வரும், மலச்சிக்கல் வந்தால் பசி போகும். அதனால் எவ்வளவு உள்ளே போகிறது என்று தினமும் எழுதி வையுங்கள்.

மார்ச் 12

இனி பட்டியலில் உள்ளவை.

வைட்டமின் ஈ-யைத்தான் முதலில் அடிக்க வேண்டும். 2010-ல் பி.எம்.ஜே. இதழில் 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 1,18,765 பேர். வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அடைப்பால் வரும் ஸ்ட்ரோக் 10 சதவீதம் குறைவு, ஆனால் ரத்தக் கசிவால் வரும் ஸ்ட்ரோக் 22 சதவீதம் கூடுதல். கசிவுதான் பெரும்பாலும் மோசமானது. மாமா ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதோடு இது எதற்கு?

மீன் எண்ணெய் அதிக அளவில் போனால் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடுகிறது என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அந்தத் துடிப்புக் கோளாறே ஸ்ட்ரோக்குக்கு ஒரு காரணம். மத்தி மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள், விழுங்க முடிந்தால். முள் பத்திரம்.

பி-வைட்டமின்கள்: ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 'விட்டாடாப்ஸ்' ஆய்வில் 8,164 பேர். 2010-ல் முடிவு வந்தது, மறு ஸ்ட்ரோக்கையோ மாரடைப்பையோ குறிப்பிடும்படி குறைக்கவில்லை. சீனாவில் 20,702 பிபி நோயாளிகளிடம் பிபி மாத்திரையோடு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது முதல் ஸ்ட்ரோக் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்தது (2015). ஆனால் அவர்கள் ஸ்ட்ரோக் வராதவர்கள், மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்காத ஊர்க்காரர்கள். வராமல் தடுப்பது வேறு, வந்த பிறகு கை, காலை மீட்பது வேறு. விளம்பரங்களில் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

பி12 தனி விஷயம். சுத்த சைவம் சாப்பிடுபவர், அல்லது பல வருஷமாகச் சுகருக்கு மெட்ஃபார்மின் போடுபவர் என்றால் ரத்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், எல்லாம் ஸ்ட்ரோக் தலையில் விழும். குறைவைச் சரிசெய்வது மருத்துவம்தான், அதற்கு யாரும் தயங்க வேண்டாம்.

அப்புறம் சிட்டிகோலின், மூளைக்கு என்று கொடுக்கும் மாத்திரை. இது பட்டியலில் இல்லை, ஆனால் நம் ஊர் ஸ்ட்ரோக் பிரிஸ்கிரிப்ஷன்களில் நிறையப் பார்க்கலாம். அமெரிக்காவில் சப்ளிமெண்டாகவே விற்கிறார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல், ஜெர்மனி மூன்று நாடுகளிலும் 2,298 பேரிடம் நடந்த 'இக்டஸ்' ஆய்வில் (2012) 90 நாள் கழித்து மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். "சார், இது எவ்வளவு நாளைக்கு?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்டோம். அடுத்த விசிட்டில் அவரே எடுத்துவிட்டார்.

மார்ச் 13

கொழும்பிலிருந்து ஒரு அண்ணன் கேட்கிறார்: பாரிசவாதத்துக்கு என்று சீன மூலிகைக் கேப்ஸ்யூல் ஒன்று அங்கே பிரபலமாம், நியூரோஎய்ட். அதற்கு முறையான ஆய்வு நடந்திருக்கிறது என்பதே பாராட்டத்தக்கது. சிங்கப்பூரை மையமாக வைத்து, இலங்கை, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா, ஹாங்காங் மருத்துவமனைகளும் சேர்ந்து சுமார் 1,100 பேரிடம் நடத்தினார்கள், 2013-ல் முடிவு வந்தது. மூன்று மாதக் கடைசியில் முதன்மையான கேள்விக்குக் கிடைத்த விடை: தெளிவான பலன் தெரியவில்லை. பின்னர் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்ததில் சில நல்ல அறிகுறிகள் இருந்ததாகச் சொன்னார்கள். அதை நம்பிக் கடன் வாங்கிச் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன், அண்ணா.

பெயர் தெரியாத மூலிகை மாத்திரை என்றால் இன்னும் கவனம். ஜிங்கோ, பூண்டுச் சாறு மாத்திரை மாதிரியானவை ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளோடு சேர்ந்தால் கசிவுக்கு வழி வைக்கலாம். இந்தியாவில் சப்ளிமெண்ட் என்பது சட்டப்படி உணவு வகை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று லேபிளிலேயே போட வேண்டும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், இருக்கும்.

மார்ச் 15

"அப்படியென்றால் கீரையும் நிறுத்திவிடவா?" என்று இரண்டு பேர். இல்லவே இல்லை. கீரைக்கும் மருந்துக்கும் சண்டை வருவது ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மட்டும்தான், வைட்டமின் கே-யால். அவர்களும் நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் கட்டுக்கட்டாக, அடுத்த வாரம் துளிகூட இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டு, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்துக்கொண்டால் போதும். சத்து பானங்களிலும் வைட்டமின் கே இருக்கும், புதிதாக ஆரம்பித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அபிக்ஸபான் சாப்பிடுபவர்கள் முருங்கைக்கீரையைத் தாராளமாகச் சாப்பிடலாம். எத்தனையோ வீடுகளில் காரணமே இல்லாமல் கீரையை நிறுத்திவிட்டு, அந்தக் காசுக்கு மல்டிவைட்டமின் வாங்குகிறார்கள். இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மார்ச் 17

தம்பி அளந்து எழுதியிருக்கிறார். மாமாவின் கைச் சுற்றளவு 22. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டதாம். தட்டில் எந்தப் பக்கமும் மிச்சம் இல்லை, வைப்பதே இரண்டு கரண்டிதான். இருமல் பயத்தில் அத்தை அளவைக் குறைத்துவிட்டார்.

இந்த நிலையில் என் பதில் மாறுகிறது. அவருக்குச் சத்து பானம் தேவைப்படலாம், ஆனால் பட்டியலில் இருந்து அது ஒன்று மட்டும், டயட்டீஷியன் சொல்லும் அளவில், ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லும் பதத்தில். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் வயிறு நிரம்பிச் சாப்பாடு குறையும். இடையில் கொடுங்கள்.

அதோடு சாப்பாட்டிலேயே ஏற்றுங்கள். கிட்னி நன்றாக இருக்கும் வயதானவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது சாதாரணக் கணக்கு. 55 கிலோ என்றால் 55-லிருந்து 66 கிராம். மெலிந்தவருக்கு இன்னும் கொஞ்சம் கூடத் தேவைப்படும். இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலும் தயிருமாக 16, ஐம்பது கிராம் பருப்பில் 11, ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை வேகவைத்து மசித்தால் 10 (இரண்டும் வேகவைப்பதற்கு முந்தைய எடை). இட்லியும் சோறும் மீதியைக் கொடுத்துவிடும். கஞ்சியில் வறுத்த நிலக்கடலைப் பொடியைக் கலந்து நைசாக அரைத்தால் அதே இரண்டு கரண்டியில் சத்து இரண்டு மடங்காகும். அத்தையிடம் அளவைக் கூட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், அவர் பயம் நியாயமானது. வேளைகளைக் கூட்டுங்கள், நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக.

மார்ச் 20

புறா ரத்தம் பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்டுவிட்டார்கள். தேய்ப்பதாலோ சாப்பிடுவதாலோ நரம்பு திரும்பாது. எங்கள் ஊரிலும் சொன்னார்கள். அப்பாவே மறுத்துவிட்டார்.

சப்ளிமெண்ட் காசு எங்கே போக வேண்டும் என்றால், பிசியோவுக்குத்தான். புரதம் தசையாவதற்கு அந்தத் தசை வேலை செய்ய வேண்டும். ஜப்பான் ஆய்விலும் அமினோ அமிலம் பயிற்சியோடுதான் போனது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார், பிபி, சுகர் மாத்திரையும் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அப்படித்தான் வருகிறார்கள். பாதிப் பேருக்கு இது தெரியவே இல்லை.

மார்ச் 26

அலமாரியில் வைக்கும் பொருளில் எனக்கு நம்பிக்கை தரும் ஒன்று உண்டு, அது உப்பு. சீனாவில் 600 கிராமங்களில், முன்பே ஸ்ட்ரோக் வந்தவர்கள் அல்லது 60 தாண்டிய பிபிகாரர்கள் என 20,995 பேர். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்பு, மீதிக்கு முக்கால் பங்கு சோடியமும் கால் பங்கு பொட்டாசியமும் கலந்த உப்பு. 2021-ல் முடிவு வந்தது. ஸ்ட்ரோக் 14 சதவீதம் குறைந்தது. வந்த ஸ்ட்ரோக்கை இது சரிசெய்யாது, அடுத்தது வராமல் இருக்க உதவும். நம் ஊரிலும் குறைந்த சோடிய உப்பு என்று கடையில் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூட.

ஆனால் கிட்னி பலவீனமானவர்களுக்கு இது ஆபத்து. டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரியான மாத்திரை போடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், ஏறினால் இதயம் நின்றுபோகும் அளவுக்குப் போகலாம். பிபி மாத்திரை என்றால் நிறையப் பேருக்கு டெல்மிசார்டன்தான். அதனால் மாற்றுவதற்கு முன்னால் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்து, ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று சொல்லிவிட்டால், இருக்கிற உப்பையே குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும்தான் முதலில் போக வேண்டும். அப்பா ஊறுகாயை விடச் சம்மதித்துவிட்டார், அப்பளத்துக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.